கிணற்றுத் தண்ணீரில் பிளீச் போடப் போட வெள்ளை விரிப்பு மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்?

உப்புவெளி_அலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் உப்புவெளியில் இருக்கிறேன். இங்கே கடற்கரைப் பக்கம் உள்ள சின்னச் சின்ன கெஸ்ட்ஹவுஸ்காரர்கள் தரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துத் தோய்த்து, மினுக்கி, மடித்துக் கொடுக்கிறேன். சீசன் தொடங்கினால் ஒரு நாளும் கொடி வெறுமையாக இருக்காது. கையில் இருப்பது ஒரு சாதாரண வோஷிங் மெசினும் சீமெந்துத் தொட்டியும்தான். தண்ணீர் எங்கள் வளவுக் கிணற்றில் இருந்து மோட்டரில் தாங்கிக்கு ஏறி வருகிறது. குழாய்த் தண்ணீர் இணைப்பும் இருக்கிறது, ஆனால் பில்லை நினைத்து அதைச் சமையலுக்கும் குடிக்கவும் மட்டும்தான் எடுக்கிறோம்.

பிரச்சினை இதுதான். வெள்ளை விரிப்புகளுக்குப் பிளீச் பாவிக்கிறேன், கடையில் ஐந்து லீற்றர் கானில் வருவது, லேபல் ஒன்றும் இல்லை, வாசலில்தான் அடுக்கி வைத்திருப்பார்கள், கேட்டால் நல்ல கடுமையான சாமான் என்று மட்டும் சொல்வார்கள். தோய்த்துக் கொடியில் போடும்போது வெள்ளையாகத்தான் தெரிகிறது, காய்ந்து எடுத்தால் முழுக்க ஒரு மங்கிய மஞ்சள், சில இடங்களில் கபில நிறத்தில் திட்டுத் திட்டாக. மினுக்கும்போது அயன் பட்ட இடம் இன்னும் கூட மஞ்சளாகிறது. சரி, பிளீச் போதவில்லையாக்கும் என்று கூட்டி ஊற்றினால் இன்னும் மோசமாகிறது. துவாய்களின் கரை நைந்து நூல் நூலாக வருகிறது, தலையணை உறைகளில் முகம் படும் இடத்தில் செம்மஞ்சள் கறை, அது எதற்கும் போகிறதில்லை.

கெஸ்ட்ஹவுஸ்காரர் ஒருவர் ஒட்சிசன் பவுடர் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மாறுங்கள் என்கிறார். பக்கத்து வீட்டு மாமி, கக்கூஸ் கழுவும் நீலத் திரவத்தில் கொஞ்சம் பிளீச்சோடு சேர்த்து ஊறப்போட்டால் எந்தக் கறையும் பறந்துவிடும் என்கிறா. அதைச் செய்யலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், விரிப்புகள் ஆட்களுடையவை, பழுதானால் காசு நான்தான் கட்ட வேண்டும்.

வார்ட்_அக்கா எழுதியது:

தங்கச்சி, மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த மாமி சொன்னதைச் செய்யவே வேண்டாம். கக்கூஸ் கழுவும் திரவங்கள் பெரும்பாலும் ஐதரோக்குளோரிக் அமிலம். பிளீச் என்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. இரண்டும் சேர்ந்த உடனே குளோரீன் வாயு கிளம்பும். 1915இல் முதலாம் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பதுங்குகுழிகளுக்குள் விட்டது இதே வாயுவைத்தான். இது காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம், அதனால் மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவி நிற்கும். தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி இருந்து தோய்க்கிற ஆளுக்கும், காலடியில் விளையாடுகிற பிள்ளைக்கும்தான் முதலில் படும்.

ஆசுப்பத்திரியில் வேலை செய்கிறபடியால் இதைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இருமல், நெஞ்சு இறுக்கம், கண் எரிவு என்று வருகிறவர்கள் நிறையப்பேர் ஒரே வசனம்தான் சொல்வார்கள்: இரண்டையும் சேர்த்தால் நல்லாப் போகும் என்று நினைத்தேன். வெளியே வந்து காற்றுப்பட்டதும் சுகமாகிவிட்டது போல இருக்கும், ஆனால் நுரையீரலில் நீர் கோர்ப்பது சில மணித்தியாலம் கழித்தும் வரலாம், அதனால் நன்றாகச் சுவாசித்துவிட்டவர்கள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் படுக்கக்கூடாது. அந்த இடத்தை விட்டு வெளியே வந்து, கண்ணில் பட்டிருந்தால் ஓடுகிற தண்ணீரில் கால் மணித்தியாலமாவது கழுவி, மூச்சு முட்டினால் 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடுங்கள். பிள்ளைகள் யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், வாயைக் கொப்பளிக்க வைத்துவிட்டு நேரே கொண்டு வாருங்கள். குடிக்கிற போத்தலில் பிளீச் ஊற்றி வைப்பது எங்கள் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது, தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

அமிலம் என்றால் கக்கூஸ் திரவம் மட்டும் இல்லை. வினாகிரி, தேசிக்காய்ப்புளி, கறள் எடுக்கும் திரவம் எல்லாமே அந்தக் கணக்கில்தான் வரும். அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவமும் வேண்டாம், அதில் குளோரமைன் என்ற இன்னொரு நச்சு வாயு வரும். சின்னப் பிள்ளைகள் சலம் விட்ட விரிப்பைக்கூட முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் பிளீச்சில் போட வேண்டும், அதே காரணம்.

கறை பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றையும் சொல்கிறேன். குளோர்ஹெக்சிடீன் என்ற கிருமிநாசினி பட்ட துணியில் பிளீச் போட்டால் கபில நிறக் கறை நிரந்தரமாகப் பிடித்துவிடும். காயம் கழுவுவது, சில வாய் கொப்பளிக்கும் மருந்துகள் என்று பல இடத்தில் அது இருக்கிறது. பவளப்பாறையில் காலைக் கிழித்துக்கொண்டு வருகிற வெளிநாட்டுக்காரர் மருந்து போட்டுக்கொண்டு படுத்திருந்தால் உங்கள் விரிப்பிலும் அது இருக்கலாம்.

கறுப்புக்கட்டி எழுதியது:

உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன் நான், திருகோணமலை டவுனில். பிள்ளை, உங்கள் கேள்வியை வாசித்த உடனே எனக்குக் கிணறுதான் கண்ணில் பட்டது. தண்ணீரில் கரைந்த இரும்பு இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதை நீங்களே இன்றைக்கே பார்க்கலாம். இரண்டு வெள்ளைக் கண்ணாடிப் போத்தல் எடுங்கள், ஒன்றில் மோட்டர் போட்டு அப்போதுதான் இறைத்த கிணற்றுத் தண்ணீர், மற்றதில் கந்தளாயில் இருந்து வருகிற குழாய்த் தண்ணீர். இரண்டிலும் ஒரு தேக்கரண்டி பிளீச் விட்டு, மூடாமல் கொஞ்ச நேரம் நிழலில் வையுங்கள். கிணற்றுப் போத்தல் மஞ்சளாகவோ கபிலமாகவோ மாறி, அடியில் பொடி போல இறங்கினால் இரும்புதான். கறுப்புக் கலந்த கபிலமாக வந்தால் மங்கனீசும் சேர்ந்திருக்கிறது.

நடப்பது என்னவென்றால், நிலத்துக்கடியில் ஒட்சிசன் படாத தண்ணீரில் இரும்பு பெரசு வடிவில் கரைந்து நிற்கும், பார்த்தால் பளிங்கு போலத் தெளிவு. பிளீச் ஒரு கடுமையான ஒட்சியேற்றி. அது பட்ட கணத்தில் பெரசு இரும்பு பெரிக்காக மாறிவிடும், பெரிக்கு தண்ணீரில் கரைந்து நிற்காது, கறளாகப் படியும். உங்கள் தொட்டிக்குள் அது எங்கே படியும்? பஞ்சு நூலில். அதனால்தான் கூட ஊற்ற ஊற்றக் கூட மஞ்சளாகிறது. நீங்கள் அழுக்கை வெளிற்றவில்லை, கிணற்றில் உள்ள இரும்பைப் பிடித்துத் துணியில் சாயம் போடுகிறீர்கள். ஒரு லீற்றரில் 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே இரும்பு துணியில் கறை பிடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டியே சொல்கிறது, அந்த அளவு இருந்தால் வாயில் வைத்தாலும் பெரும்பாலும் தெரியாது.

அயன் பட்ட இடம் மஞ்சளாவது வேறு கதை, அதை இதோடு குழப்ப வேண்டாம். துணியில் பிளீச் மிச்சமாக நின்றாலும், அளவுக்கு மிஞ்சிய பிளீச்சால் பஞ்சின் செல்லுலோசு ஒட்சியேறிப் பழுதாகியிருந்தாலும், சூடு பட்டதும் மஞ்சளாகும். துவாய்க் கரை நைவதும் அதன் அடையாளம். சாயத்தில் நிறம் தருகிற இரட்டைப் பிணைப்புகளை உடைப்பதுதான் ஐப்போகுளோரைற்றின் வேலை, ஆனால் அதற்குச் சாயம் எது நூல் எது என்று தெரியாது, மிஞ்சினால் நூலின் சங்கிலியையும் அறுக்கும். அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல் பி.எச். 7க்குக் கிட்ட நிற்கும்போதுதான் அந்த அறுப்பு மிகக் கூட. அதனால் சலவைத்தூள் போட்ட காரத் தண்ணீரில் பிளீச் பாவிப்பது துணிக்குப் பாதுகாப்பு.

இந்தப் பொருளின் வரலாறும் துணியோடு ஒட்டியதுதான். 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் துணியைப் புல்வெளியில் விரித்து மாதக்கணக்கில் வெயில் காட்டித்தான் வெளுத்தார்கள். 1774இல் ஷீலே குளோரீனைக் கண்டுபிடித்தார், 1785 அளவில் பெர்தொலே அதைத் துணி வெளுக்கப் பாவிக்கலாம் என்று காட்டினார், 1799இல் சார்ல்ஸ் டெனன்ட் அதைச் சுண்ணாம்பில் ஏற்றி வெளிற்றும் தூளாக உரிமம் எடுத்தார். மாதக்கணக்கு வேலை நாட்கணக்கானது இப்படித்தான். பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் எடுக்கும்போது நான் எப்போதும் கூடச் சொல்வது, வேகம் வந்த அளவுக்குக் கவனமும் வர வேண்டும் என்று.

நிலாவெளி_லோண்ட்ரி எழுதியது:

சேர் சொன்னது முழுக்கச் சரி. நான் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹொட்டேல் லோண்ட்ரியில் வேலை, நாள் முழுக்க விரிப்போடுதான் சீவியம், அதனால் கை வேலையைச் சொல்கிறேன் அக்கா.

முதலில் அந்தக் கான். லேபல் இல்லாத பிளீச்சில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. வீட்டுப் பாவனைக்கு வருவது வழமையாக 3 முதல் 6 சதவீதம், தொழிற்சாலைக்கு வருவது 10, 12 என்று இருக்கும், கானைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கடை வாசலில் வெயிலில் நின்ற கான் என்றால் இன்னும் மோசம். 10 பாகை வெப்பம் கூடினால் பிளீச் உடையும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் ஏறும், பலம் கூடிய சாமான்தான் கூட வேகமாக உடையும். உடைந்தால் கடைசியில் உப்புத் தண்ணீர்தான். அப்போது ஆட்கள் வேலை செய்யவில்லை என்று இரண்டு மடங்கு ஊற்றுவார்கள், அடுத்த முறை புதுக் கான் வரும்போது அதே இரண்டு மடங்கை ஊற்றித் துவாயைக் கிழிப்பார்கள். உற்பத்தித் திகதியும் சதவீதமும் போட்ட சின்னப் போத்தலாக வாங்குங்கள், நிழலில் வையுங்கள், பெரிய கான் என்றால் வந்த அன்றே பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து வைத்தால் பலம் கனநாள் நிற்கும். அதற்கும் குழாய்த் தண்ணீர்தான், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

அளவு. 10 லீற்றர் வாளிக்கு 5 சதவீதப் பிளீச் 40 மில்லிலீற்றர் போதும், அது ஒரு லீற்றருக்கு 200 மில்லிகிராம் குளோரீன் கணக்கு. பச்சைத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் ஊற வைக்க வேண்டாம். இரவிரவாக ஊறப்போடுவது நம்ம ஆட்களிடம் ஒரு பழக்கம், அதுதான் துவாயைத் தின்கிறது. கட்டாயம் முதலில் தண்ணீரில் கலக்கிவிட்டுப் பிறகுதான் துணி, நேரே துணியில் ஊற்றினால் அந்த இடம் ஓட்டையாகும். சவர்க்காரத்தில் நன்றாகத் தோய்த்து அழுக்கு போன பிறகுதான் பிளீச், அழுக்கோடு போட்டால் பாதிப் பலம் அழுக்குக்கே போய்விடும். இலாஸ்டிக் வைத்த விரிப்பு, நீட்டி இழுபடுகிற துணி, பட்டு, கம்பளி, நைலோன் ஒன்றும் கிட்டவே வரக்கூடாது.

பிறகு அலசல். பெரிய லோண்ட்ரிகளில் கடைசி அலசலுக்கு முன் மிச்சக் குளோரீனை முறிக்க ஒரு மருந்து போடுவோம், வீட்டில் அதற்குச் சோடியம் தயோசல்பேற்று போதும். எங்கே தேடுவது என்று யோசிக்க வேண்டாம், மீன் தொட்டிச் சாமான் விற்கிற கடைகளில் குளோரீன் எடுக்கும் பளிங்கு என்று தருவது பெரும்பாலும் அதுதான். வாளிக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து ஐந்து நிமிடம் அலசி, பிறகு வெறும் தண்ணீரில் ஒரு முறை. காய்ந்த துணியை மூக்கில் வைத்தால் நீச்சல் குளம் மாதிரி மணக்கக் கூடாது, மணந்தால் மினுக்க வேண்டாம், திரும்ப அலசுங்கள்.

தலையணை உறையில் உள்ள செம்மஞ்சள் கறையை நான் பார்க்காமலே சொல்வேன், அது சன்கிரீம். வெயிலுக்குப் பூசுகிற கிரீம்களில் அவோபென்சோன் என்று ஒன்று இருக்கும், அது இரும்புத் தண்ணீரோடு சேர்ந்தால் கறள் நிறத்தில் பிடிக்கும், பிளீச் பட்டால் இன்னும் இறுகும். வெள்ளைக்காரர் இரவு குளிக்காமல் படுத்தால் கழுத்து, தோள், முகம் படுகிற இடம் அப்படியே அச்சாக விழும். அந்த உறைகளைத் தனியாகப் பிரித்து எடுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தை அந்த இடத்தில் தேய்த்துச் சுடுதண்ணீரில் முதல் எண்ணெயை எடுங்கள், பிளீச் காட்டவே வேண்டாம்.

உப்புவெளி_அலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வார்ட் அக்கா, மாமியிடமும் போய்ச் சொல்லிவிட்டேன், அவவும் இனிச் செய்யமாட்டா.

சேர் சொன்ன மாதிரி இரண்டு போத்தலிலும் விட்டுப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் அப்படியே நிற்கிறது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்ச நேரத்திலேயே வெளிறிய தேத்தண்ணி நிறத்துக்கு வந்து, பின்னேரம் பார்த்தால் அடியில் மெல்லிய செம்மண் படை. தாங்கிக்குள்ளும் எட்டிப் பார்த்தேன், சுவரில் விரலை வைத்து இழுத்தால் அதே நிறம்தான் வழுவழு என்று வருகிறது. இவ்வளவு காலமும் அது பாசி என்று நினைத்துக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது இரண்டு கேள்வி. ஒன்று, எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் தோய்க்கக் கட்டுப்படியாகாது, கிணற்றுத் தண்ணீரைத் திருத்த வழி இருக்கிறதா? இரண்டு, ஏற்கனவே மஞ்சளான விரிப்புகளை மீட்க முடியுமா? அந்த ஒட்சிசன் பவுடர் இதற்கு உதவுமா?

மூதூர்_வெள்ளாவி எழுதியது:

எங்கள் குடும்பம் தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்தது, அதனால் எழுதுகிறேன். கான் பிளீச்சுக்கு இவ்வளவு காசு செலவழிக்க வேண்டுமா? கிணறு இறைத்தால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆட்கள் போடுகிற ரி.சி.எல். பவுடர், அதாவது வெளிற்றும் தூள், அதுவும் இதே வேலைதான் செய்யும், விலையும் குறைவு, உலர்ந்த இடத்தில் வைத்தால் கான் பிளீச்சைவிடக் கனகாலம் இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளைத் துப்புரவாக்கியது அந்தத் தூளை வைத்துத்தான், ஞாபகம் இருக்கும்.

அப்பா ஒருநாளும் தூளைத் துணியோடு போடமாட்டார். முதல் நாள் பின்னேரம் மண்சாடியில் தண்ணீரில் கரைத்து மூடி வைப்பார், அடுத்த நாள் காலையில் அடியில் சுண்ணாம்பு இறங்கி மேலே தெளிவாக நிற்கிற தண்ணீரை மட்டும் துணியில் வடித்து எடுப்பார். அடிமண்டி ஒரு துளி பட்டாலும் அந்த இடம் பொத்துவிடும். ஆனால் வெள்ளை நிற்பது வெள்ளாவியில்தான் என்பார். சோடாவும் சவர்க்காரமும் பிடித்த துணியை அடுப்பில் ஏற்றி ஆவியில் அவித்து, அடித்துத் தோய்த்து, வெயிலில் போட்டால் கோயில் வேட்டி பளிச்சென்று வரும். தூள் கடைசியில் ஒரு கை மட்டும்தான். இப்போது எல்லாரும் அந்தக் கடைசிக் கையை முதல் கையாக ஆக்கிவிட்டார்கள் என்பது என் கவலை.

கறுப்புக்கட்டி எழுதியது:

மூதூர்க்காரர் சொன்ன வடித்தெடுக்கிற முறை மிக நல்லது, அப்பாவின் கை அனுபவம் பாடப்புத்தகத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஒன்றே ஒன்று, வெளிற்றும் தூள் கல்சியம் சேர்ந்தது, கடற்கரைக் கிணறுகள் பல ஏற்கனவே வன்னீர், இன்னும் சுண்ணாம்பு சேர்ந்தால் சவர்க்காரம் நுரைக்காமல் துணி சொரசொரப்பாகும். அதோடு தூளிலும் பலம் ஒன்றல்ல, சாதாரண வெளிற்றும் தூளில் 30, 35 சதவீதக் குளோரீன், நீச்சல் குளங்களுக்கு வரும் உயர்தரத்தில் 65, 70. பக்கெட்டைப் பார்க்காமல் கரண்டிக் கணக்கு வைக்கக்கூடாது. வெள்ளாவி பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை, சூடும் காரமும் கொழுப்பை எடுத்துவிட்டால் பிளீச்சுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

கிணற்றுத் தண்ணீருக்கு வருவோம். இரும்பைத் துணியில் படிய விடாமல் தாங்கியிலேயே படிய விட வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். 1,000 லீற்றர் தாங்கியை நிரப்பும்போது குழாய் வாயை உயர்த்தி, தண்ணீர் பூவாளி போலச் சிதறி விழ வையுங்கள், காற்றுப் பட்டாலே கொஞ்ச இரும்பு மாறும். அதோடு 5 சதவீதப் பிளீச் 50 மில்லிலீற்றர் ஊற்றிக் கலக்கி இரவு முழுக்க அசையாமல் விடுங்கள். காலையில் அடியில் படிந்திருக்கும். தண்ணீர் எடுக்கிற குழாய் அடிமட்டத்தில் இருந்து ஒரு சாண் மேலே இருக்க வேண்டும், வருகிற வழியில் மணல் வடிகட்டி ஒன்று வைத்தால் மிதக்கிற பொடியும் நிற்கும். பிறகு அதே போத்தல் சோதனையை அந்தத் தண்ணீருக்குச் செய்யுங்கள், நிறம் மாறாவிட்டால் பயமில்லாமல் பாவிக்கலாம், மாறினால் பிளீச்சைக் கொஞ்சம் கூட்டுங்கள். இதற்கென்று தனித் தாங்கி இருந்தால் நல்லது. அதுவும் முடியாவிட்டால் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரத்தோடு தோயுங்கள், பிளீச் வாளிக்கும் அதற்குப் பிறகு வரும் அலசலுக்கும் மட்டும் குழாய்த் தண்ணீர். அப்படிச் செய்தாலே பில் பெரிதாக ஏறாது.

மஞ்சளான விரிப்புகளை மீட்கலாம், ஆனால் வழி நேரெதிர். அது கறள் என்றபடியால் ஒட்சியேற்றி எதுவும் அதைத் தொடாது, அமிலம்தான் கரைக்கும். பேக்கரிச் சாமான் விற்கிற கடையில் சிற்றிக் அமிலம் வாங்கி, ஒரு லீற்றர் சுடுதண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கணக்கில் பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து ஒரு மணித்தியாலம் ஊற வையுங்கள், தகர வாளி கூடாது. போகாத திட்டுக்கு ஒட்சாலிக் அமிலம் இன்னும் பலம், ஆனால் அது நச்சு, கையுறை இல்லாமல் தொட வேண்டாம், பிள்ளைகள் உள்ள வீடென்றால் நான் சிற்றிக்கோடு நிற்கவே சொல்வேன். ஊறிய பிறகு அமிலம் துளியும் மிஞ்சாமல் அலசுங்கள், மிஞ்சிய அமிலத்தோடு அயன் வைத்தால் பஞ்சு பொடிந்துபோகும்.

இங்கேதான் வார்ட் அக்கா சொன்னதை நான் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளீச்சில் இருந்து எடுத்த துணியை நேரே அமில வாளிக்குள் போடக்கூடாது, தேசிக்காயும் தேய்க்கக்கூடாது. ஒரு நாள் அமிலம், நன்றாக அலசிக் காயவிட்டு, இன்னொரு நாள் பிளீச். இரண்டு வாளியும் ஒரே நேரத்தில் கிணற்றடியில் நிற்கவே வேண்டாம்.

ஒட்சிசன் பவுடர் என்பது சோடியம் பேர்காபனேற்று. தண்ணீரில் கரைந்தால் சலவைச் சோடாவும் ஐதரசன் பேரொட்சைட்டும் வரும், அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு பேரொட்சைட்டுத்தான். இதற்கு முன் இருந்தது பேர்போரேற்று, 1907இல் ஜேர்மனியில் ஹென்கல் விற்கத் தொடங்கிய பேர்சில் தூளின் பெயரிலேயே அது இருக்கிறது. நிறத்துணிக்கும் ஆபத்துக் குறைவு, குளோரீன் மணம் இல்லை, எனக்குப் பிடித்த பொருள். ஆனால் 40 பாகைக்கு மேல் சூட்டில்தான் அது முழு வேலை செய்யும், பச்சைத் தண்ணீரில் என்றால் சில மணித்தியாலம் ஊற வேண்டும். முக்கியமானது, கறள் உள்ள துணியில் அதையும் போட வேண்டாம். இரும்பு பட்டால் பேரொட்சைட்டு அந்தப் புள்ளியிலேயே கட்டுப்பாடில்லாமல் உடைந்து நூலை அரிக்கும், கறள் இருந்த இடத்தில் ஊசி ஓட்டை வரும். எனவே எந்தப் பவுடருக்கு மாறினாலும் இரும்பை எடுக்காமல் விரிப்பு தப்பாது.

நிலாவெளி_லோண்ட்ரி எழுதியது:

ஊசி ஓட்டை என்று சேர் சொன்னதும்தான் எங்கள் இடத்தில் புது விரிப்புகள் சில வெயிலுக்குப் பிடித்தால் சல்லடையாகத் தெரிந்த காரணம் புரிகிறது. நாங்களும் குழாயை மாற்றிப் பார்க்கப் போகிறோம், பழைய இரும்புக் குழாய்தான் லைனில் இருக்கிறது.

அக்கா, நீங்கள் கெஸ்ட்ஹவுஸ்காரரிடம் ஒரு விடயம் பேசி வையுங்கள். விரிப்பு தரும்போது சன்கிரீம் பட்டது, மருந்து பட்டது, இரத்தம் பட்டது எல்லாவற்றையும் அறை கூட்டுகிற பிள்ளையே தனிப் பையில் போட்டுத் தரட்டும். வந்து சேர்ந்த பிறகு குவியலில் தேடினால் ஒன்றிரண்டு தப்பிப் பிளீச் வாளிக்குள் போய்விடும், பிறகு யாருடைய பிழை என்ற வாக்குவாதம் வரும்.

உப்புவெளி_அலை எழுதியது:

பழைய நீலப் பீப்பா ஒன்று சும்மா கிடந்தது, அதைக் கழுவித் தோய்க்கிற தண்ணீருக்கென்று வைத்துவிட்டோம், இன்றிரவு முதல் தடவை பிளீச் விட்டுப் படிய வைக்கிறோம். சிற்றிக் அமிலத்தில் ஒரு தலையணை உறையைப் போட்டுப் பார்த்தேன், முழுக்கப் போகவில்லை, ஆனால் கபிலத் திட்டு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது, திரும்ப ஒரு தரம் ஊறப்போட்டிருக்கிறேன். பீப்பா 200 லீற்றர், அப்படியென்றால் பிளீச் 10 மில்லிலீற்றர்தானே சேர்?

கறுப்புக்கட்டி எழுதியது:

ஓம், 5 சதவீதம் என்று லேபல் போட்டது என்றால் 10. அந்தக் கானில் இருப்பது என்றால் அதை நம்ப வேண்டாம், புதுப் போத்தல் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். பீப்பாவில் முன்பு என்ன இருந்தது என்றும் விசாரியுங்கள். அமிலம் வந்த பீப்பா என்றால் பல தடவை தண்ணீர் நிரப்பி ஊற்றிய பிறகுதான் உள்ளே பிளீச் போக வேண்டும்.